டால்பின் எப்படி நட்சத்திரமானது, நம் திரையில் ஏன் ஆகவில்லை

தமிழ்த் திரையில் விலங்குகளை நட்சத்திரங்களாக்கியவர்கள் என்றால் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயர் முதலில் வரும். அடுத்து வரும் பெயர் காரைக்குடிக்காரரான இராம நாராயணனுடையது. ஒன்பது மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 1989இல் காரைக்குடித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் சென்ற அவர், யானை, பாம்பு, குரங்கு என்று எதையும் விட்டுவைத்தவரில்லை. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்து வெளியிட்ட 1947ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், செட்டிநாட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு முக்கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கடலும் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர்கள் இவை. தேவகோட்டை வழியாகப் பேருந்து ஏறினால் தொண்டிக் கரைக்கு அரை நாள்கூட ஆகாது. அந்தக் கடலில் டால்பின்களும் உண்டு. அப்படியிருந்தும் யானைக்கும் பாம்புக்கும் காளைக்கும் கிடைத்த இடம் தமிழ்த் திரையில் டால்பினுக்குக் கிடைக்கவில்லை.

அதே டால்பின் அமெரிக்காவில் 1960களில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக இருந்தது. அந்த நாட்டுப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட விலங்குகளிடம் அதிக அன்பு கொண்டவர்கள் என்பது இதற்குக் காரணமாகாது. டால்பினை நட்சத்திரமாக்க மூன்று பொருள்கள் தேவைப்பட்டன: கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு பெரிய தொட்டி, வாரந்தோறும் ஓடும் ஒரு தொலைக்காட்சித் தொடர், செத்த மீன் நிறைந்த ஒரு வாளி. இவற்றில் முதலாவதாகிய தொட்டிதான் மற்ற இரண்டையும் தாங்கி நின்றது என்பது என் கருத்து. டால்பினின் திரைவரலாற்றைத் தொட்டியின் வரலாறாகப் படித்தால்தான் அதன் ஏற்றமும் இறக்கமும் விளங்கும்.

1938இல் ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டீன் நகருக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி 'மரீன் ஸ்டூடியோஸ்' என்ற நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஸ்டூடியோ இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் டால்ஸ்டாயின் பேரன் இலியா டால்ஸ்டாய். நீருக்கடியில் நடக்கும் காட்சிகளைக் கடலில் இறங்காமலே படம்பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்காகத்தான் மாபெரும் தொட்டிகளின் பக்கச் சுவர்களில் சன்னல்கள் வைத்தார்கள். படக்குழுக்கள் வந்த அளவைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பெரிதாக இருந்ததால், படப்பிடிப்புத் தளமாகப் பிறந்த இடம் காட்சிசாலையாக வளர்ந்தது. டால்பின் வித்தை காட்டும் பூங்காக்களில் இருந்து சினிமா டால்பினை எடுத்துக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சினிமாவுக்கென்று கட்டிய தொட்டியிலிருந்தே அந்தப் பூங்காக்கள் கிளைத்தன.

1950களில் அந்தத் தொட்டியில் 'ஃபிளிப்பி' என்ற டால்பின் பயிற்சி பெற்றுப் புகழடைந்தது. அதே காலத்தில் நீருக்கடியில் நீண்ட நேரம் நீந்தி நடிப்பதில் வல்லவரான ரிகோ பிரவுனிங் என்பவர், 1954இல் வந்த ஒரு பயங்கரப் படத்தில் நீர்வாழ் அரக்கனாக உடையணிந்து நடித்திருந்தார். கோலி இன நாயைக் கதைத்தலைவியாகக் கொண்ட 'லாஸி' தொடரைத் தம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் விழுந்து விழுந்து பார்ப்பதைக் கண்ட அவருக்கு, நாயின் இடத்தில் டால்பினை வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு சிறுவன், அவனுக்கு உற்ற துணையாக ஒரு டால்பின், ஆபத்து வரும்போதெல்லாம் அது ஓடிவந்து காப்பாற்றும்: கதை இவ்வளவுதான். ஐவன் டோர்ஸ் என்ற தயாரிப்பாளர் இதை வாங்கிப் படமாக்க, 1963இல் 'ஃபிளிப்பர்' திரைக்கு வந்தது. மறு ஆண்டே தொலைக்காட்சித் தொடராகி, 1967 வரை 88 பகுதிகள் ஒளிபரப்பாயின.

திரைப்படத்தில் ஃபிளிப்பராக முதன்மையாக நடித்தது மிட்ஸி என்ற பெண் டால்பின். ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் ஒன்றான கிராஸி கீயில் மில்டன் சான்டினி என்பவர் அதை வளர்த்துப் பழக்கியிருந்தார். ஒரு சிறுவனை முதுகுத் துடுப்பைப் பிடிக்கவைத்து இழுத்துச் செல்ல வேண்டும் என்பது படத்தின் உயிர்நாடியான காட்சி. அதற்கான ஒத்திகையில் மிட்ஸி முதன்முதலாக இழுத்துச் சென்றது பிரவுனிங்கின் சொந்த மகனை. தொடருக்கு மயாமி கடற்காட்சிசாலையிலிருந்து வேறு டால்பின்கள் வந்தன. சூஸி, கேத்தி ஆகிய இரண்டும் அதிகக் காட்சிகளில் நடித்தன. பேட்டி, ஸ்காட்டி, ஸ்குவிர்ட் என்று மாற்று ஆட்களும் இருந்தனர். கதையில் ஃபிளிப்பர் ஆண். நடித்தவை பெரும்பாலும் பெண்கள். ஆண் டால்பின்கள் சண்டையிட்டு உடம்பெல்லாம் பற்கீறலோடு திரியும் என்பதாலும், முரட்டுத்தனம் மிகுந்தவை என்பதாலும் பெண்களைத் தேர்ந்தார்கள். ஆனால் வாலை நீரில் ஊன்றி நிமிர்ந்தபடி பின்னோக்கி நகரும் புகழ்பெற்ற வித்தை பெண்களுக்குச் சரியாகக் கைவரவில்லை என்று அதற்கு மட்டும் ஓர் ஆண் டால்பினைப் பயன்படுத்தினார்கள்.

குரலும் அதனுடையதன்று. ஃபிளிப்பர் தலையை நீருக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடி, கலகலவென்று பேசுவதுபோல் ஓர் ஒலி எழுப்பும். அது ஆஸ்திரேலியாவின் கூகபரா என்ற மீன்கொத்தி இனப் பறவையின் கூவலைப் பதிவுசெய்து மாற்றியமைத்த ஒலி. டால்பின் வாயால் பேசுவதில்லை; தலையுச்சியில் உள்ள மூச்சுத் துளைக்குக் கீழே, நாசிப் பாதையில் உள்ள திசுக்களை அதிரவைத்தே அது சீழ்க்கையும் சொடுக்கொலியும் எழுப்புகிறது. அந்தச் சொடுக்கொலிகளின் எதிரொலியைக் கொண்டுதான் இருட்டிலும் கலங்கலிலும் வழி காண்கிறது. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு என்பதை ஆய்வாளர்கள் பின்னர் உறுதிசெய்தார்கள். ஆகத் திரையில் நாம் கேட்ட ஒலி பறவையுடையது, பார்த்த வாயசைப்பு பயிற்சியாளரின் கையசைவுக்குக் கிடைத்த பதில். பின்னணிக் குரல் கொடுப்பவர்களுக்குப் பழகிய நம் ஊர் ரசிகருக்கு இது வியப்பாக இராது.

இவற்றையெல்லாம் விட டால்பினுக்குப் பெரிய சொத்தாக அமைந்தது அதன் முகம். குப்பிமூக்கு டால்பினின் தாடை எலும்பு அமைப்பால் வாயோரம் மேல்நோக்கி வளைந்து, எப்போதும் சிரிப்பதுபோல் தோன்றும். பசித்தாலும் வலித்தாலும் அந்த வளைவு மாறாது, ஏனெனில் மனிதரைப்போல முகத்தசைகளை அசைத்து உணர்ச்சி காட்ட அதனால் இயலாது. யானையின் களைப்பை அதன் கண்ணிலும் காதிலும் பார்த்துவிடலாம். நாயின் அச்சம் வாலில் தெரியும். டால்பினிடம் பார்வையாளருக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு நடிகருக்கு இது வரம். அந்த நடிகர் நோயுற்றிருக்கும்போது இதுவே கேடு.

பயிற்சி முறையையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். யானைப்பாகனிடம் அங்குசம் இருக்கும், சங்கிலி இருக்கும், தலைமுறை தலைமுறையாக வந்த கட்டளைச் சொற்கள் இருக்கும். டால்பினிடம் அங்குசம் செல்லாது. ஒரு முறை குத்தினால் தொட்டியின் மறுமுனைக்குப் போய்விடும், பிறகு அருகில் வராது. ஆகவே விரும்பிய செயலைச் செய்த அந்தக் கணத்தில் விசில் ஊதுவது, உடனே ஒரு மீன் கொடுப்பது என்ற முறை உருவானது. விசில் ஒலிக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பை அது பிடித்துக்கொண்டபின், துள்ளல் ஓர் அடி உயர்ந்தால் விசில், அடுத்த முறை இரண்டடி உயர்ந்தால்தான் விசில் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். ஹவாயில் 1963 முதல் இதைச் செம்மைப்படுத்திய காரென் பிரையரின் வழிமுறை, இன்று நாய்களுக்குச் சொடுக்கியைக் கொண்டு பயிற்சி தருவோர் வரை வந்திருக்கிறது. அடியில்லாத பயிற்சி என்று இதைப் புகழ்வது சரியே. ஆயினும் மீன் பரிசாக வேலை செய்வதற்கு டால்பினுக்குப் பசி இருக்க வேண்டும்; கடல்நீரைக் குடித்து வாழாத அந்த விலங்குக்கு உணவோடுதான் உடம்புக்கு வேண்டிய நீரும் கிடைக்கிறது. வாளி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதன் உயிரே இருந்தது என்பதை மறந்துவிட்டு அங்குசம் இல்லை என்று நிம்மதி கொள்வதற்கில்லை.

தமிழ்த் திரையின் விலங்கு நட்சத்திரம் இதற்கு முற்றிலும் வேறான வழியில் உருவானது. 1972இல் வந்த தேவரின் 'நல்ல நேரம்' படத்து யானைகளாகட்டும், 1977இன் 'ஆட்டுக்கார அலமேலு'வின் ஆடாகட்டும், 1990இல் இராம நாராயணன் எடுத்த 'ஆடி வெள்ளி'யின் யானையும் பாம்புமாகட்டும், அவை திரைக்கு வருமுன்பே ரசிகருக்கு உறவுடையவை. யானை பிள்ளையார்பட்டியில் கும்பிட்ட முகம். பாம்பு புற்றுக்குப் பால் ஊற்றிய தெய்வம். படத்தில் யானை வில்லனைத் தூக்கி எறிந்தால் அதற்குத் தனியாக நியாயம் சொல்ல வேண்டியதில்லை, தெய்வம் தண்டித்தது என்று கொட்டகையே புரிந்துகொள்ளும். டால்பினுக்கு அப்படி ஏற்கெனவே அமைந்த கதை நம்மிடம் இல்லை. நம் கடலோர மக்கள் அதை ஓங்கில் என்று அறிவார்கள், வலையில் சிக்கினால் விடுவிப்பவர்களும் உண்டு; ஆனால் அதற்குக் கோவில் இல்லை, திருவிழா இல்லை, உள்நாட்டுக்காரருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

குன்றக்குடி சண்முகநாதர் கோவில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகைத் தீ விபத்தில் காயமுற்று இறந்தபோது சுற்றுவட்டார ஊர்களே கூடி அழுதன. வாழைப்பழம் கொடுத்துத் துதிக்கையால் ஆசி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது அந்த ஒரே சுப்புலட்சுமி. அதன் இடத்தில் மறுநாள் வேறொன்றை நிறுத்தி அதே பெயரால் அழைக்க முடியாது. ஃபிளிப்பரின் பெயரோ பல உடல்கள் மாறி மாறி அணிந்த வேடம். சூஸி ஓய்ந்தால் கேத்தி வரலாம், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அந்தப் பெயருக்குள் தனித்தனி உயிர்கள் இருந்தன என்பதை உலகம் கவனிக்க ஒரு சாவு தேவைப்பட்டது.

அந்தச் சாவு 1970இல் நேர்ந்தது. தொடர் முடிந்தபின் மயாமியில் தொட்டியிலேயே இருந்த கேத்தி, அதன் பழைய பயிற்சியாளர் ரிக் ஓ'பாரியின் கைகளில் இறந்தது. டால்பினுக்கு மூச்சு தன்னால் நடக்கும் செயலன்று. ஒவ்வொரு மூச்சையும் அது நினைத்து எடுக்க வேண்டும். கேத்தி மூச்சுத் துளையை மூடிக்கொண்டு மறுபடி திறக்கவில்லை, அது தற்கொலை என்று ஓ'பாரி இன்றுவரை சொல்லிவருகிறார். விலங்கின் உள்ளத்தை அப்படி உறுதியாகப் படித்துவிட முடியுமா என்று அறிவியலார் தயங்குவது நியாயமே. ஆனால் அவர் பேச்சை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று தள்ளவும் முடியவில்லை. படப்பிடிப்புக் காலத்தில் நீண்ட மின்கம்பி இழுத்துப் படகுத்துறையில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து, தொடரை அந்த டால்பின்களுக்கே காட்டியதாகவும், தான் வரும் காட்சியைச் சூஸியும் தான் வரும் காட்சியைக் கேத்தியும் அடையாளம் கண்டுகொண்டதாகவும் அவர் சொல்கிறார். கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என்று குப்பிமூக்கு டால்பின்கள் உணர்வதை டயானா ரைஸ், லோரி மரினோ ஆகியோரின் ஆய்வு 2001இல் காட்டியது.

கேத்தி இறந்த சில நாள்களிலேயே, முதல் புவி நாளன்று, பஹாமாசின் பிமினித் தீவில் அடைபட்டிருந்த ஒரு டால்பினை அவிழ்த்துவிட முயன்று ஓ'பாரி சிறைக்குப் போனார். டால்பினைப் பிடித்துப் பழக்கிய அதே மனிதர், ஜப்பானின் தைஜி ஊரில் நடக்கும் டால்பின் வேட்டையை வெளிப்படுத்தி 2010இல் ஆஸ்கர் பெற்ற 'தி கோவ்' ஆவணப்படத்தின் மைய மனிதராகவும் ஆனார். அந்த வேட்டையில் அழகானவை உயிரோடு பிரிக்கப்பட்டுக் காட்சிசாலைகளுக்கு விற்கப்படுகின்றன, மற்றவை இறைச்சியாகின்றன. திரைப்படம் உண்டாக்கிய ஆசை இந்தச் சந்தையின் முதலீடுகளில் ஒன்று என்பதை ஓ'பாரி தம்மையும் சேர்த்தே குற்றம்சாட்டிச் சொல்வார்.

இதற்குள் திரைக்கதையும் தலைகீழாகிவிட்டிருந்தது. ஃபிளிப்பர் சிறுவனைக் காப்பாற்றியது. 1993இன் 'ஃப்ரீ வில்லி'யில் சிறுவன்தான் விலங்கைக் காப்பாற்றுகிறான். அதில் நடித்த கெய்கோ ஓர் ஓர்க்கா. கொலைத் திமிங்கிலம் என்று அழைக்கப்பட்டாலும் அது டால்பின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினரே. படத்தில் வில்லி கடற்சுவரைத் தாண்டிக் குதித்து விடுதலை அடைந்தபோது, நிசத்தில் கெய்கோ மெக்சிகோ நகரத்துப் பூங்கா ஒன்றின் சிறிய தொட்டியில் தோல்நோயோடு கிடந்தது. இது வெளியே தெரிந்ததும் குழந்தைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள்; கெய்கோ 1996இல் ஆரிகனுக்கும், 1998இல் அது பிடிக்கப்பட்ட ஐஸ்லாந்துக் கடலுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 2002இல் தானே நீந்தி நார்வே போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் அது தேடியது தன் இனத்தை அன்று, மனிதரை. பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். 2003 டிசம்பரில் நுரையீரல் அழற்சியால் இறந்தது. பிறகு 2011இல் வந்த 'டால்பின் டேல்' படத்தில், நண்டுக் கூண்டின் கயிற்றில் சிக்கி வாலிழந்து செயற்கை வால் பொருத்தப்பட்ட 'வின்டர்' என்ற டால்பின் தன்னையே நடித்தது. உதவியாளர், கைதி, நோயாளி என்று அந்த விலங்குக்குத் திரை தந்த வேடங்கள் மாறிய வரிசையிலேயே மனிதரின் மனசாட்சி நகர்ந்த திசையும் தெரிகிறது.

இந்தியா இந்த வரிசையில் நட்சத்திரக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராகத் தடைக்கு வந்தது. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட டால்பின்கள் சில மாதங்களுக்குள் மடிந்தன. பின்னர் கொச்சி உள்ளிட்ட இடங்களில் டால்பின் காட்சிசாலைத் திட்டங்கள் எழுந்து எதிர்ப்பு வலுத்தபோது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2013 மே 17 அன்று அவற்றுக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டது. டால்பின்களின் அறிவுத்திறன் காரணமாக அவற்றை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று சில அறிவியலார் கூறுவதை அந்தச் சுற்றறிக்கையே குறிப்பிட்டது அப்போது உலகெங்கும் செய்தியானது. நம்முடைய தேசிய நீர்வாழ் விலங்காக 2009இல் அறிவிக்கப்பட்ட கங்கை டால்பினோ ஏறக்குறையக் கண்பார்வை இல்லாதது, கலங்கல் நீரில் வாழ்வது, மூச்சுக்காக நொடிப்பொழுது மேலே வந்து மறைவது. அதை நம்பி எந்த ஒளிப்பதிவாளரும் கேமராவைத் தூக்க முடியாது.

செட்டிநாட்டுக்காரருக்கு இந்தச் சட்டக்கதை வேறொரு பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றோடு 2011இல் காளையும் சேர்க்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2014இல் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலும் அதன் நிழலில் வந்தது. 2017இல் தமிழ்நாடு சட்டம் இயற்றி, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்ற பிறகே பேச்சு அடங்கியது. காளைக்காக மெரினா நிரம்பியதைக் கண்ட நாம், டால்பினுக்கு வந்த தடையை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றோம். காரணம் எளிது: காளை நம் வீட்டுக் கட்டுத்தறியில் நின்றது, 1980இல் ஏவி.எம். தயாரித்து, காரைக்குடியில் பிறந்த எஸ்.பி. முத்துராமன் இயக்கி, சிறுகூடல்பட்டிப் பஞ்சு அருணாசலம் எழுதிய 'முரட்டுக் காளை'யிலும் நின்றது. இழப்பதற்கு ஒன்று இருப்பவர்தான் போராடுவார்; டால்பினை நாம் பெற்றதே இல்லை. இதைக் கொண்டு காளைக்கு ஒரு நீதி, டால்பினுக்கு ஒரு நீதி என்று வாதிடுவோர் உண்டு. ஊரோடு வளர்ந்து, ஆண்டில் ஒரு நாள் வாடிவாசல் தாண்டி ஓடி, மாலையில் தொழுவத்துக்குத் திரும்பும் மாட்டையும், கடலிலிருந்து பிரித்துக் காலமெல்லாம் தொட்டியில் சுற்றவிடும் உயிரையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்டுக்குத் துன்பமே இல்லை என்று சொல்லவும் நான் வரவில்லை.

இன்று தமிழ்ப் படம் ஒன்றுக்கு டால்பின் வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? இந்தியக் கடலில் உள்ளவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. அவற்றைப் பிடித்துப் பழக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு எந்த விலங்கை நடிக்கவைப்பதற்கும் விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வேண்டும். சென்னையில் இருந்த அந்த அலுவலகம் ஹரியானாவுக்குப் போய்விட்டதால், நாட்டு நாயைக் காட்டுவதற்கும் தயாரிப்பாளரின் கோப்பு வடக்கே பயணப்பட வேண்டியிருக்கிறது. அதனால்தான் திரையின் மூலையில் கோழி பறந்தாலும் கணினி வரைகலை என்று ஒரு சிறு எழுத்து எட்டிப்பார்க்கிறது. ஹாலிவுட்டுக்கே இந்த நிலை எப்போதோ வந்துவிட்டது. 'ஃப்ரீ வில்லி'யின் பல காட்சிகளிலும் 1996இல் மறுபடி எடுத்த 'ஃபிளிப்பர்' படத்திலும் வால்ட் கான்டியின் குழு செய்த இயந்திர விலங்குகள் நீந்தின. அவருடைய நிறுவனம் 2020இல், நீச்சல் குளத்தில் மனிதரோடு நீந்தும் இயந்திர டால்பின் ஒன்றைச் செய்து காட்டியது. அதை வாங்க ஆர்வம் காட்டியவை சினிமா நிறுவனங்கள் அல்ல, உயிருள்ள டால்பின்களைத் தொட்டியில் வைத்துக் காசு பார்த்துவந்த சீனாவின் காட்சிசாலைகள்.